என் மாமனாரின் சம்பளச் சீட்டுகள்

என் கணவரின் தந்தை 2024 பிப்ரவரியில், கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரில், தமது 72ஆம் வயதில் காலமானார். மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் சமோரா நகரை அடுத்த ஒரு சிற்றூரில் 1951இல் பிறந்து, 19 வயதில் எல்லை கடந்து வந்து, 45 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் நிலத்தில் குனிந்து வேலை செய்து, நான்கு பிள்ளைகளை ஆளாக்கி, ஒன்பது பேரப்பிள்ளைகளைத் தோளில் சுமந்தவர். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைக் கடின உழைப்பாளி என்றார்கள். அது முழுக்க உண்மை. ஆனால் அந்தப் பாராட்டோடு நிறுத்திக்கொண்டால், அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு கூலிக்குச் செய்தார், எந்தச் சட்டம் அவரைக் காத்தது, எது கைவிட்டது, உடம்பில் எதைக் கொடுத்து அதைச் செய்தார் என்பதெல்லாம் மறைந்துபோகும். உழைப்பை மட்டும் புகழ்ந்துவிட்டு உழைப்பின் நிபந்தனைகளை மறப்பது, உழைத்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன். அவரோடு வாழ்ந்ததில் எங்கள் குடும்பம் கற்றுக்கொண்ட, மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடிய சில நடைமுறைச் செய்திகளையும் இடையிடையே சொல்கிறேன்.

நான் அந்தக் குடும்பத்துக்கு 2009இல் மருமகளாகப் போனவள். எனக்கு அப்போது ஸ்பானிய மொழி எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவில்தான் தெரியும். அவர் எனக்காகவே நிறுத்தி நிதானமாக, ஒரு செய்தியை இரண்டு விதமாகச் சொல்வார். நான் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். பெற்ற பிள்ளைகள் கேட்கத் தயங்கும் கேள்விகளை வெளியிலிருந்து வந்த மருமகள் கேட்டுவிட முடியும். எல்லை கடந்த இரவைப் பற்றியோ, வேறொருவர் பெயரில் வேலை செய்த ஆண்டுகளைப் பற்றியோ அவர் தம் பிள்ளைகளிடம் பேசியதே இல்லை. என்னிடம் பேசினார். "எழுதிக்கொள், மிஹா (மகளே), அவர்கள் பிறகு கேட்பார்கள்" என்பார்.

அவர் கதையைத் தம் தந்தையிடமிருந்துதான் தொடங்குவார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பண்ணைகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட, 1942 ஆகஸ்டில் இரு நாட்டு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரசேரோ திட்டம் என்று அறியப்பட்ட அந்த ஏற்பாடு 1964 இறுதி வரை நீடித்தது. அதன்கீழ் ஏறத்தாழ 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. என் மாமனாரின் தந்தை 1945இல் ஒருமுறையும், 1950களில் மீண்டும் சிலமுறையும் அப்படிப் போனவர். சொனோரா மாநிலத்தின் எம்பால்மே நகரில் ஆள் எடுப்பார்கள். பெயர் பட்டியலில் ஏறுவதற்கு முன் உள்ளூர்ப் பண்ணைக்காரர்களுக்குப் பருத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லையில் ஆடையைக் களையச் சொல்லி உடம்பெங்கும் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடியைத் தூவுவார்கள். அந்தப் பொடியின் மணம் எப்படி இருந்தது என்பதைத் தம் தந்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததாக மாமனார் கூறுவார். 1963 செப்டம்பர் 17 அன்று, கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் சுவாலர் என்ற ஊருக்கு அருகே, பெஞ்சு போட்டு ஆட்களை ஏற்றிவந்த ஒரு லாரியின்மீது சரக்கு ரயில் மோதி 32 பிரசேரோக்கள் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி ஊருக்கு வந்ததும் தந்தை இனி வடக்கே போவதில்லை என்று நின்றுவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டில் திட்டமே முடிவுக்கு வந்தது.

திட்டம் முடிந்தாலும் வேலை முடியவில்லை. அதே வயல்களுக்கு அதே ஆட்கள் தேவைப்பட்டார்கள்; சட்டப்படி வரும் வழி மட்டும் குறுகிப்போனது. 1968 முதல் மேற்கு அரைக்கோள நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 குடியேற்ற விசாக்கள் என்ற வரம்பு வந்தது. பிரசேரோவின் மகன் அனுமதிச்சீட்டு இல்லாதவனாக வந்து சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். தந்தை ஒப்பந்தத்தோடு வந்த பாதையில் மகன் ஒளிந்து வந்தார். 1970 ஆகஸ்டில் அவர் எல்லை நகரமான டிஹுவானா வழியாகச் சலினாஸ் வந்து சேர்ந்தபோது, லெட்டூஸ் என்ற சாலட் கீரை வயல்களில் சீசர் சாவேஸ், டொலோரஸ் உவெர்தா ஆகியோரின் சங்கம் நடத்திய பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. சங்கம் என்றால் என்னவென்றே தெரியாத 19 வயதுப் பையன், வயலின் ஓரத்தில் சிவப்புக் கொடிகளைப் பார்த்துவிட்டு, வேலைக்குள் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருக்கிறார். அவருடைய ஊர்க்காரர் ஒருவர்தான் கையைப் பிடித்துக் கொடியின் பக்கம் இழுத்து நிறுத்தினாராம்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை லெட்டூஸ் களைதல். விதைத்து முளைத்த நாற்றுகளில் வேண்டியதை விட்டு மற்றதை வெட்டிக் கழிக்க வேண்டும். அதற்கு ஒரு முழத்துக்கும் குறைவான காம்பு போட்ட களைக்கொத்தியைக் கொடுத்தார்கள், கோர்தித்தோ என்பார்கள். காம்பு குட்டையாக இருப்பதால் இடுப்பை முழுக்க மடித்துத்தான் வேலை செய்ய முடியும். நீண்ட காம்பு போட்டால் பயிர் சேதமாகும் என்று பண்ணைகள் வாதாடின. கங்காணிக்கு இன்னொரு வசதியும் இருந்தது: யாராவது முதுகை நிமிர்த்தினால் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். முதுகெலும்பு பழுதான தொழிலாளர்களின் மருத்துவச் சான்றுகளோடு சட்ட உதவி வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கில், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1975 ஜனவரியில் தொழிலாளர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டிலேயே அந்தக் கருவி தடைசெய்யப்பட்டது. என் மாமனார் அதைப் பிடித்தது ஐந்து ஆண்டுகள்தான். ஆயினும் நான் அவரை அறிந்த நாள் முதல், காலையில் கட்டிலிலிருந்து எழும்போது முதலில் ஒருக்களித்து, பிறகு முழங்கையை ஊன்றி, பிறகுதான் உட்காருவார். ஐந்து ஆண்டுக் கூலியைச் செலவழித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்த முதுகு வலியோடுதான் அவர் கடைசி நாள் வரை வாழ்ந்தார்.

1975க்குப் பிறகு, வாட்சன்வில் நகரைச் சூழ்ந்த பஹாரோ பள்ளத்தாக்கின் ஸ்ட்ராபெர்ரி வயல்களுக்கு மாறினார். சமோராவும் ஸ்ட்ராபெர்ரிக்குப் பெயர்பெற்ற பகுதி என்பதால் பழம் அவருக்குப் புதிதில்லை. அந்தப் பறிப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் நுட்பம் புரியும். பாத்தி முழங்கால் உயரம். பழமோ அதன் விளிம்பில் இலைக்கடியில் தொங்கும். இடுப்பை வளைத்தபடி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை வாய்க்காலில் முன்னே தள்ளிக்கொண்டே, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் பறிக்க வேண்டும். பழத்தின் உடலைப் பிடிக்கக் கூடாது. பிடித்த இடம் மாலைக்குள் கன்றிப்போகும். கட்டைவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே காம்பை வைத்து, பச்சைத் தொப்பி சிதையாமல் ஒரு திருகு. பழுத்தது, நாளை பழுப்பது, பூஞ்சை பிடித்தது என்று கண் பிரித்துக்கொண்டே இருக்கும். பறித்ததை அங்கேயே பிளாஸ்டிக் பெட்டியில் சிவந்த முகம் மேலே தெரியும்படி அடுக்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பழத்தை அதன்பின் யாரும் கழுவுவதோ பிரிப்பதோ இல்லை. வயலில் அவர் அடுக்கிய அதே பெட்டியைத்தான் நகரத்துக் கடையில் நாம் கையில் எடுக்கிறோம். எட்டுப் பெட்டி கொண்ட அட்டைத் தட்டு நிறைந்ததும், அதைத் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கு ஓட வேண்டும். நடந்தால் கணக்குக் குறையும். ஓடிப்போய்த் தம் கணக்கு அட்டையில் துளை போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். ஏப்ரலில் தொடங்கினால் அக்டோபர் வரை இதுதான். கொல்லைப்புறத்தில் இரண்டு பாத்தி போட்டு, என் மகளுக்கு அந்தத் திருகைக் கற்றுக்கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்தது வித்தைக்காரனின் பெருமிதம். அதைத் திறன் குறைந்த வேலை என்று பொருளாதாரப் புத்தகங்கள் வகைப்படுத்துவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நடவுக்கு முன் மண்ணுக்குள் மீத்தைல் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயுவைச் செலுத்திப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவார்கள். பக்கத்து வயலில் அதைச் செய்யும் நாளில் கண் எரியும் என்பார். 1987 வரை வயல்களில் கழிப்பறையும் கைகழுவும் தண்ணீரும் வைக்க வேண்டும் என்ற நாடு தழுவிய விதியே கிடையாது. 1938இல் வந்த கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தின் மிகைநேரக் கூலி விதிக்குள் விவசாயத் தொழிலாளர்கள் சேர்க்கப்படவே இல்லை. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது கலிபோர்னியாவின் பெரிய பண்ணைகளில் 2022இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அவர் 2016இல் வேலையை விட்டுவிட்டார். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த மிகைநேர வேலைக்கு மிகைநேரக் கூலி என்று பெரிதாக எதையும் பெறாமலே ஓய்வு பெற்றார் என்பதுதான் இதன் பொருள்.

என் மாமியார் 1978இல் வந்து சேர்ந்தார். அவர் வேலை செய்தது காய்கறிகளை வெட்டி உறையவைக்கும் ஆலையில். வாட்சன்வில் அந்நாளில் அந்தத் தொழிலின் தலைநகரம் போல் இருந்தது. 1985 செப்டம்பரில் கூலியைக் குறைத்ததை எதிர்த்து ஆலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த பெண்கள், வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 18 மாதம் நடந்தது. சங்கத்தை விட்டு ஒருவர்கூட வேலைக்குத் திரும்பவில்லை என்று இன்றும் அந்த ஊரில் பேசுவார்கள். போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில் பெண்கள் தேவாலயம் வரை முழங்காலிட்டு நகர்ந்து சென்று வேண்டிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் என் மாமியாரும் இருந்தார். அந்த 18 மாதமும் மாமனாரின் ஸ்ட்ராபெர்ரிக் கூலியில் ஆறு பேர் சாப்பிட்டார்கள். மாலையில் வயலிலிருந்து வந்து, மறியலில் இருந்த மனைவிக்காகப் பிள்ளைகளுக்குச் சமைத்தது அவர்தான். உழைக்கும் தந்தை என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் நான் நினைக்கிறேன்.

சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தியதும் என் மாமியார்தான். ஒரு பழைய மதிய உணவுப் பெட்டியில், ஆண்டு வாரியாக ரப்பர் வளையம் போட்டு, கணவரின் ஒவ்வொரு வாரச் சீட்டையும் அடுக்கி வைத்திருந்தார். கங்காணிகள் ரொக்கமாகக் கொடுத்த வாரங்களுக்குக்கூட, தேதியும் தொகையும் பண்ணையின் பெயரும் எழுதிய துண்டுத்தாள் இருக்கும். அதன் மதிப்பு 1986 நவம்பரில் தெரிந்தது. அந்த மாதம் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களுக்கென ஒரு தனிப் பிரிவு இருந்தது: 1986 மே 1 அன்று முடிந்த 12 மாதங்களில் குறைந்தது 90 நாள் வயல் வேலை செய்ததை நிரூபித்தால் சட்டப்படியான தங்கும் உரிமை கேட்கலாம். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பிரிவில் உரிமை பெற்றார்கள். ஊரில் பலர் கங்காணியைத் தேடி அலைந்தார்கள். சிலர் கடிதத்துக்குப் பணம் கொடுத்தார்கள். என் மாமனார் பெட்டியோடு போய் உட்கார்ந்தார். 1990இல் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான அட்டை (கிரீன் கார்டு) வந்தது. வந்த அந்தக் குளிர்காலத்தில் தம் தாயைப் பார்க்க ஊருக்குப் பகிரங்கமாகப் போய், பகிரங்கமாகத் திரும்பினார்.

1994 நவம்பரில், ஆவணமற்றவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் 187ஆம் எண் முன்மொழிவுக்குக் கலிபோர்னியா வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். பின்னர் நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. ஆனால் வாக்குரிமை இல்லாமல் இருப்பது என்ன என்பதை அன்றுதான் உணர்ந்ததாக அவர் சொல்வார். ஆறாம் வகுப்பைத் தாண்டாத மனிதர், பகலெல்லாம் பழம் பறித்துவிட்டு இரவில் முதியோர் பள்ளிக்குப் போய் ஆங்கிலம் கற்று, குடியுரிமைத் தேர்வின் 100 கேள்விகளையும் பாடமாக்கி, 1996இல் குடிமகனானார். அதன்பின் ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை.

ஆவணத்தின் அருமையை அவருக்கு மறுபக்கத்திலிருந்து காட்டிய நிகழ்ச்சி 2005க்குப் பிறகு நடந்தது. 1940களில் பிரசேரோக்களின் கூலியில் பத்து விழுக்காட்டைச் சேமிப்பு என்ற பெயரில் பிடித்தார்கள், ஊர் திரும்பியதும் கிடைக்கும் என்றார்கள், பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. முதியவர்கள் பல ஆண்டு போராடியபின், மெக்சிகோ அரசு ஒரு நிதி ஏற்படுத்தி, தகுதி பெற்ற முன்னாள் பிரசேரோக்களுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ 38,000 பெசோ கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனால் பழைய ஒப்பந்தத்தின் மூலப்படி, அடையாள அட்டை, கூலிச் சீட்டு என்று ஏதாவது ஒன்று வேண்டும். என் மாமனாரின் தாய், கையில் கணவரின் ஒரு புகைப்படத்தோடு வரிசையில் நின்றிருக்கிறார். கூரை ஒழுகிக் காகிதமெல்லாம் எப்போதோ கரைந்துபோயிருந்தது. அலுவலகம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. தந்தையின் காகிதம் இல்லாமல் போனதால் ஒரு குடும்பம் இழந்ததையும், மகனின் காகிதம் இருந்ததால் அதே குடும்பம் அடைந்ததையும் அருகருகே பார்த்தவர் என் மாமனார்.

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நடைமுறைப் பாடம் ஓய்வூதியம் பற்றியது. அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் பெற 40 வேலைப் புள்ளிகள் வேண்டும். ஆண்டுக்கு நான்குக்கு மேல் சேராது, அதாவது குறைந்தது பத்தாண்டு வேலை. தொகையைக் கணக்கிடும்போது அதிக வருமானம் ஈட்டிய 35 ஆண்டுகளை எடுப்பார்கள். பதிவு இல்லாத ஆண்டு பூஜ்ஜியமாகச் சேர்ந்து சராசரியைக் கீழே இழுக்கும். அவருடைய வருமானப் பதிவேட்டை இணையத்தில் திறந்து பார்த்தபோது 1990களில் சில ஆண்டுகள் வெறுமையாக இருந்தன. அந்த ஆண்டுகளில் ஓர் ஒப்பந்தக் கங்காணி கூலியில் வரியைப் பிடித்திருக்கிறார். அரசுக்குக் கட்டவோ கணக்குக் காட்டவோ இல்லை. பதிவேட்டைத் திருத்தப் பொதுவாக, வேலை செய்த ஆண்டு முடிந்ததிலிருந்து 3 ஆண்டு 3 மாதம் 15 நாள்தான் கெடு. ஆனால் முதலாளி கணக்கே காட்டாமல் விட்ட கூலிக்கு, ஆதாரம் இருந்தால், கெடு கடந்த பிறகும் திருத்தம் கேட்கலாம். மாமியார் ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்த சீட்டுகளில் பிடித்தத் தொகை தெளிவாக அச்சாகியிருந்தது. படியெடுத்துக் கொடுத்தோம், நீண்ட காத்திருப்புக்குப் பின் அந்த ஆண்டுகள் பதிவாகி, மாத ஓய்வூதியம் கூடியது.

அமெரிக்காவில் வேலை செய்யும் தமிழர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவேட்டைத் திறந்து, உங்கள் வருமான வரிப் படிவத்தில் உள்ள தொகையோடு ஒத்துப்பாருங்கள். கெடு முடிவதற்குள் பார்த்தால் வேலை எளிது. மெக்சிகோவுடன் 2004இல் கையெழுத்தான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இந்தியாவுடனோ அப்படி ஒப்பந்தமே இல்லை. ஆகவே இரு நாடுகளில் உழைத்த ஆண்டுகளைக் கூட்டித் தகுதி பெறும் வழி இந்த இரு நாட்டவருக்கும் இல்லை. பத்தாண்டு நிறைவதற்குச் சற்று முன்பு ஊர் திரும்பத் திட்டமிடுகிறவர்கள் புள்ளிகளை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

2023 மார்ச்சில் பஹாரோ ஆற்றின் கரை நள்ளிரவில் உடைந்தது. 1949இல் கட்டிய அந்தக் கரை வலுவற்றது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. 1995இலும் அது உடைந்திருக்கிறது. மாமனாரின் வீடு ஆற்றுக்கு அக்கரையில் பஹாரோ சிற்றூரில் இருந்தது. டயாலிசிஸ் நோயாளியான அவர், மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த உணவுப் பெட்டியை மடியில் வைத்தபடி என் கணவரின் காரில் ஏறினார். மற்றெல்லாம் சேற்றில் போயிற்று. அதற்குப் பிறகுதான் பெட்டியில் இருந்த ஒவ்வொரு தாளையும் நாங்கள் ஸ்கேன் செய்து, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நான்கு பிள்ளைகளிடமும் ஒரு படி இருக்கும்படி செய்தோம். வீட்டில் ஒரே இடத்தில் மட்டும் ஆவணங்களை வைத்திருப்பவர்கள் இதை இந்த வாரமே செய்யலாம்; வெள்ளமும் தீயும் சொல்லிவிட்டு வருவதில்லை.

நீரிழிவு அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்திருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருமுறை ஒரு மருத்துவமனையில், மொழிபெயர்ப்பாளர் வரத் தாமதமாகும் என்று சொல்லி, உடன் வந்திருந்த என் 12 வயது மகளிடம், இனிச் சிகிச்சை எந்த அளவுக்குப் பயன் தரும் என்பதைத் தாத்தாவுக்கு விளக்கச் சொன்னார்கள். குழந்தை ஆங்கிலத்தில் கேட்டதை ஸ்பானிய மொழியில் சொல்ல வாய் வராமல் நின்றாள். நான் உள்ளே வந்து பேச்சை நிறுத்தினேன். கூட்டாட்சி அரசின் நிதியைப் பெறும் மருத்துவமனைகள் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும், உயிருக்கு ஆபத்தான அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து வந்த விதிகள். அதைச் சொன்னதும் தொலைபேசி வழியாகச் சில நிமிடங்களில் ஒருவர் இணைப்பில் வந்தார். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், நேரம் குறிக்கும்போதே நோயாளியின் மொழியைப் பதிவுசெய்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். தமிழுக்கும் கேட்கலாம். பேரக் குழந்தைக்கு எவ்வளவு நன்றாக இரு மொழியும் தெரிந்தாலும், தாத்தாவின் மரணத்தை மொழிபெயர்க்கும் பொறுப்பை அதன் தலையில் வைக்கக் கூடாது.

எங்கே அடக்கம் செய்வது என்பதில் அவர் கருத்து மாறியிருந்தது. முன்பெல்லாம் ஊரில் தந்தையின் பக்கத்தில்தான் என்பார். அப்படிச் செய்வதென்றால் இறப்புச் சான்றிதழுக்கு மாநில அரசின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று), உடலைப் பதப்படுத்திய சான்று, கொண்டுசெல்லும் அனுமதி ஆகியவற்றோடு மெக்சிகோ துணைத்தூதரகத்தின் ஒப்புதலும் வேண்டும். எங்கள் பகுதிக்கு அது சான் ஹோசேயில் இருக்கிறது. வசதியற்ற குடும்பங்களுக்குத் துணைத்தூதரகம் செலவில் உதவுவதும் உண்டு. 2016இல் மாமியார் இறந்து வாட்சன்வில்லில் அடக்கம் ஆனபின், அவர் தமக்கும் அங்கேயே இடம் போதும் என்றார். ஊரில் இருந்த அக்காவுக்கு அது பெருங்குறை. தம்பியின் உடல் வராது என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. மாமனார் உயிரோடு இருக்கும்போதே அக்காவை வீடியோவில் அழைத்து, பிள்ளைகள் எல்லோரும் கேட்க, தம் வாயால் காரணத்தைச் சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்திட்டும் வைத்தார். அந்த ஓர் அழைப்பு இல்லையென்றால் துக்க வீட்டில் உடன்பிறப்புகள் இரண்டுபட்டிருப்பார்கள். இங்கே ஒன்பது இரவு ஜெபமாலை நடந்த அதே நாட்களில் அங்கே அக்கா வீட்டிலும் நடந்தது. இரவு தோறும் தொலைபேசியை நடுவில் வைத்து இரு வீட்டாரும் சேர்ந்தே ஜெபித்தார்கள்.

முதியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்ல முடியும். உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் அவர் "என்ன இருக்கிறது சொல்ல, வேலை செய்தோம்" என்று முடித்துவிடுவார். அந்தக் கருவியின் காம்பு எவ்வளவு நீளம், ஒரு தட்டுக்கு என்ன கொடுத்தார்கள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, பக்கத்துப் பாத்தியில் யார் இருந்தார் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். கை சும்மா இருக்கும்போது கேட்காமல், பீன்ஸ் பொறுக்கும்போதோ கற்றாழை முள் சீவும்போதோ கேட்பது இன்னும் நல்லது. பேசும் மொழியிலேயே பதிவுசெய்யுங்கள். மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்வது எங்களுக்கு மிக நன்றாகப் பலித்தது. பண்ணையின் பெயரைப் படித்ததும் அந்த ஆண்டே அவர் கண்முன் வந்துவிடும்.

மிச்சம் இருந்தது ஊர் நிலம். மெக்சிகோப் புரட்சிக்குப் பின் அரசு கிராமங்களுக்குக் கொடுத்த எஹிதோ நிலத்தில் அவருடைய தந்தைக்கு ஒரு பாகம் இருந்தது. அது இவருக்கு வந்தது. அந்த உரிமை பொதுவாக ஒரே வாரிசுக்குத்தான் போகும். பிள்ளைகளுக்குள் பங்கு போட முடியாது. 1992ஆம் ஆண்டு வேளாண் சட்டப்படி, உரிமையாளர் தம் விருப்பப்படியான வாரிசுப் பட்டியலைத் தேசிய வேளாண் பதிவகத்தில் கொடுத்து வைக்கலாம்; பட்டியல் இல்லாவிட்டால் சட்டம் வகுத்த வரிசையில் மனைவி, பிள்ளைகள் என்று போகும். 2018இல் ஊருக்குப் போனபோது அவர் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். முதல் பெயராக எழுதியிருந்தது தம் பிள்ளைகளில் ஒருவரையல்ல. இத்தனை காலமும் அந்த நிலத்தை உழுதுவரும் தம் அண்ணன் மகனை. யார் உழுகிறார்களோ அவர்களுக்கு என்று என் கணவரிடம் முன்பே சொல்லியிருந்ததால் யாரும் வருந்தவில்லை. கலிபோர்னியாவின் இறப்புச் சான்றிதழை அங்கே ஏற்க அப்போஸ்டில் முத்திரையும், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் கேட்டார்கள். இரண்டையும் அனுப்பிய பின் பெயர் மாற்றம் முடிந்தது. இந்த மழைக்காலத்துக்கு அங்கே மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள்.